மூன்று வருடத் தையல் வகுப்பு

“ஒரு கையெழுத்துதானே, போட்டுத் தொலையேன்” என்றார் பலகைக்காரர்.

அவர் மனைவி பேனாவை வாங்கினாள். மூடியைத் திருகித் திறந்தாள். அடுப்பில் ஏதோ பொங்குகிறது என்று சொல்லி எழுந்து போனாள். அடுப்பில் எதுவும் இல்லை, அடுப்பே பற்றவைக்கப்படவில்லை. அன்று காலையில் இது நான்காவது தடவை. முதல் தடவை வாசல் கூட்டப் போனாள். இரண்டாம் தடவை, கூட்டிய வாசலைக் கூட்டப் போனாள். மூன்றாம் தடவை, கழுவிக் கவிழ்த்திருந்த டம்ளர்களை நிமிர்த்தி மறுபடி கழுவினாள். அந்த வீடு அவ்வளவு சுத்தமாக அதற்கு முன் இருந்ததில்லை.

மேசையில் கிடந்த தாள் கல்லூரியிலிருந்து வந்தது. அவர்கள் மகள் அங்கே முதல் வருடம். வீட்டில் யாருமே கல்லூரிக்குப் போகாமல், முதல் ஆளாக வந்து சேருகிற பிள்ளைகளுக்கென்று அங்கே ஓர் உதவி மையம் இருந்தது. அதில் சேர்ந்தால் மாலையில் தனி வகுப்பு உண்டு. வீட்டுக்கு எடுத்துப்போக ஒரு லேப்டாப், சந்தேகம் கேட்க ஒரு மூத்த மாணவி, எந்தப் படிவத்தை எந்த ஜன்னலில் நீட்டுவது என்று சொல்ல ஓர் ஆள். படித்த வீட்டுப் பிள்ளைகள் இதையெல்லாம் சாப்பிடும்போதே காதில் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். மற்றவர்கள் ஜன்னல் ஜன்னலாக அலைகிறார்கள்.

மகள் அலைந்ததோடு நிற்கவில்லை. புள்ளியியலில் முதல் தேர்வில் ஐம்பதுக்குப் பதினொன்று வாங்கியிருந்தாள். தற்காலிகமாக மையத்தில் சேர்த்து லேப்டாப்பும் கொடுத்துவிட்டார்கள். பெற்றோர் கையெழுத்து வந்தால்தான் நிரந்தரம். அடுத்த தேர்விலும் கோட்டை விட்டால் படிப்பை நிறுத்திவிடுவது என்று வீட்டில் பேச்சு. மாடியில் குடியிருந்த பலகைக்காரரின் அக்கா, இவளுக்கென்று மாப்பிள்ளை ஒருவனைத் தயாராக வைத்திருந்தாள். மற்றவர்கள் வீட்டில் தீப்பெட்டி வைத்திருப்பது மாதிரி அவள் எப்போதும் ஒரு மாப்பிள்ளையைக் கைவசம் வைத்திருப்பாள்.

தாளில் தாய்க்கும் தந்தைக்கும் தனித்தனியே ஒரு வரி. ‘நான் எந்தக் கல்லூரியிலும் படித்ததில்லை என்று உறுதி கூறுகிறேன்.’ பலகைக்காரர் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். கேட்டிருந்தது ஓர் இடத்தில்தான். பள்ளிக்கூடத்தோடு நின்றதற்கு வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மரியாதை கிடைத்திருக்கிறது; அதை ஒரே கையெழுத்தோடு முடிக்க அவருக்கு மனம் வரவில்லை.

“அம்மா, நாலு மணிக்குள்ள குடுத்தாகணும்” என்றாள் மகள். “கையெழுத்துப் போடத் தெரியும்ல உனக்கு?”

“தெரியும்” என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது.

“அப்புறம் என்ன?”

இதற்குக் குழாய்தான் பதில் சொன்னது.

சங்கதி இதுதான். தெருவில் தையலம்மா என்று பெயர் வாங்கிய அந்த அம்மாள் தையல் தெரியாதவள்; கல்லூரியில் படித்தவள். மூன்று வருடம், கணிதம். கடைசித் தேர்வில் கல்லூரியிலேயே இரண்டாவது. முதலாவதாக வந்தவன் பார்த்து எழுதினான் என்று அவளுக்கு இன்றும் சந்தேகம் உண்டு.

இருபது வருடத்துக்கு முன் பெண் கேட்டு வந்தபோது, பேச்சையெல்லாம் பலகைக்காரரின் அக்காதான் நடத்தினாள். தம்பி பள்ளிக்கூடம் முடித்தவன். அதற்கு மேலே ஒரு வகுப்பு படித்த பெண்ணும் அந்த வீட்டுக்கு ஆகாது என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டாள். பெண்ணின் தகப்பனார் பேருந்து நடத்துநர். மாப்பிள்ளைக்குச் சொந்தக் கடை. விடுவாரா? டிக்கெட் கிழிக்கிற கை. மகள் படிப்பிலிருந்து மூன்று வருடத்தைச் சத்தமில்லாமல் கிழித்தார்.

“அப்போ அந்த மூணு வருஷம் பொண்ணு என்ன பண்ணிச்சு?” என்று அக்கா விடாமல் கேட்டாள்.

“தையல் கிளாஸ் போச்சுங்க” என்றார் நடத்துநர். அவர் கண்ணில் அந்த நேரத்தில் எதிர்க்கடைத் தையல் இயந்திரம் பட்டது. காய்கறிக்கடை பட்டிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

ஊசியில் நூல் கோக்கவே அவளுக்கு இன்னோர் ஆள் வேண்டும். மூன்று வருடம் தையல் படித்தவள் வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, முதல் வாரமே தெருவின் கிழிசலெல்லாம் அவள் வாசலில் வந்து குவிந்தது. பக்கத்து வீட்டு லாரி ஓட்டுநரின் சட்டையில் வலது கையை இடுப்போடு சேர்த்துத் தைத்துக் கொடுத்தாள். நல்ல மனிதர், ஒரு வாரம் அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டினார்; அந்த வாரம் முழுக்க இடது பக்கம் மட்டுமே திரும்பினார் என்று சொல்வார்கள். யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. திட்டெல்லாம் தையல் டீச்சருக்குப் போனது. பிறக்காத ஒரு டீச்சர் அந்தத் தெருவில் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. பட்டச் சான்றிதழ் மட்டும் கல்லூரி அலுவலகத்திலேயே தங்கிவிட்டது. வாங்கப் போனால் குட்டு உடைந்துவிடும்.

பலகைக்காரருக்கு இரண்டாம் மாதமே தெரிந்துபோயிற்று. அவர் தொழில், வீட்டு வாசல்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் பெயர்ப்பலகை செய்வது. பித்தளையில் எழுத்தை வெட்டிப் பலகையில் பதிப்பார். ஒரு டாக்டருக்குப் பெயருக்குப் பின்னால் அத்தனை பட்டம். அவருக்கு முதலில் செய்த பலகை அடுத்த வீட்டுச் சுவர் வரை நீண்டு, நோயாளிகள் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தவரிடம் புது மனைவி டீயைக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: “முப்பத்தெட்டு எழுத்து, ஆறு புள்ளி. எழுத்தை முக்கால் அங்குலமாக் கொறைங்க. ரெண்டு ஓரத்துலயும் ஒண்ணேகால் விடுங்க. சரியா உக்காரும்.”

உட்கார்ந்தது. பலகைக்காரர் மனைவியை ஏற இறங்கப் பார்த்தார். அவள் உண்மையைச் சொன்னாள். அவர் டீ முழுவதையும் குடித்து முடித்தார்.

“எனக்கு ஒண்ணும் இல்ல” என்றார் கடைசியில். “அக்காவுக்குத் தெரிய வேணாம்.”

அன்றிலிருந்து கடையின் அளவுகளெல்லாம் பழைய காலண்டர் தாள்களின் முதுகில் அவள்தான் போட்டாள். ‘பலகைக்காரருக்குக் கண்ணே அளவுகோல்’ என்று ஊரில் பேர். வாடிக்கையாளர் முன்னால் அவரும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பலகையைப் பார்ப்பார். ஊரார் படிப்பையெல்லாம் பித்தளையில் பளபளவென்று வாசலில் மாட்டிய மனிதர், தன் வீட்டுக்குள் இருந்த ஒரே படிப்பை மாவு டப்பாவுக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தார். அவர் கெட்டவரில்லை. அப்படித்தான் எல்லாரும் செய்கிறார்கள் என்று நினைத்தார்.

தையலம்மா குழாயை மூடிவிட்டு வந்தாள்.

“என்னால இதுல போட முடியாது. நான் படிச்சிருக்கேன்.”

“என்ன படிச்சிருக்க, தையலா?” என்றாள் மகள்.

“கணக்கு. காலேஜ்ல. மூணு வருஷம்.”

மகள் சிரிக்கத் தயாரானாள். அப்பாவைப் பார்த்தாள். அப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மின்விசிறி ஓடவில்லை. அவள் சிரிக்கவில்லை.

“பதினோரு மார்க் வந்தன்னிக்கு நான் இதே நாற்காலியில உக்காந்து அழுதேன்” என்றாள் மெதுவாக. “நீ பக்கத்துல பட்டாணி உரிச்சிட்டிருந்த.”

“ஆமா.”

“அப்போ உனக்குத் தெரிஞ்சுதா?”

“மூணாவது வரியில தப்பு. ஒவ்வொண்ணையும் வர்க்கம் பண்ணிட்டுக் கூட்டணும். நீ கூட்டிட்டு வர்க்கம் பண்ணிட்ட.”

அன்றைக்கு அந்த வீட்டில் பட்டாணி குப்பைக்கும் தோல் பாத்திரத்துக்கும் போயிருந்தது. ஏன் என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

மகள் எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்து ஜன்னல் வரை போனாள். “அப்போவே சொல்லியிருக்கலாம்ல?”

“தையல் படிச்சவ எப்படிச் சொல்றது?”

“சரி, நடந்தது நடந்துபோச்சு” என்று பலகைக்காரர் குறுக்கே வந்தார். “சர்ட்டிபிகேட் இல்ல, ஒண்ணும் இல்ல. யாரு வந்து தோண்டிப் பாக்கப் போறா? பொண்ணு படிப்பு இதுல நிக்குது. அவளுக்காகப் போடு.”

“இருபது வருஷமா வாயால சொன்னேன். எழுதிக் குடுக்கச் சொல்லாதீங்க.”

மகள் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: “போட்டுடும்மா. எனக்கு வேற வழி இல்ல.”

அதுதான் தையலம்மாவை உலுக்கியது. தாளை எடுத்து மகளின் பையில் வைத்தாள். செருப்பை மாட்டினாள். “வா. நேர்ல போய்க் கேப்போம்.”

மூன்று பேரும் பேருந்தில் போனார்கள். உட்கார இடமிருந்தும் மூன்று பேரும் நின்றுகொண்டே போனார்கள்.

உதவி மையம் ஒரு நீண்ட நடைவழியின் கோடியில் இருந்தது. வெளியே பெற்றோர் காத்திருக்க ஒரு பெஞ்சு. உள்ளே ஒருங்கிணைப்பாளர், பெரிய கண்ணாடி போட்ட, உண்மையிலேயே நல்ல மனமுள்ள அம்மாள். படிக்காத பெற்றோரிடம் அன்பாகப் பேச வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவர் அன்பாகவும், காது கேட்காதவரிடம் பேசுவதுபோல் சத்தமாகவும் பேசினார்.

“வாங்கம்மா, பயப்படாம உக்காருங்க. இதோ, இந்த எடத்துல. கைநாட்டுன்னாலும் பரவாயில்ல” என்று மைப்பெட்டியைத் தள்ளி வைத்தார்.

தையலம்மா தாளை எடுத்து இரண்டு பக்கமும் படித்தாள்.

“படிச்சுக் காட்டவாம்மா?”

“வேணாம் மேடம்.” பேனாவை எடுத்து, தன் பங்கு வரியை ஒரே கோடாக அடித்தாள். அதன் மேலே படித்த பாடம், வருடம், தேர்வுப் பதிவெண் எல்லாவற்றையும் எழுதினாள். இருபது வருடமாக யாரும் கேட்காத எண். ஓர் இலக்கத்துக்குக்கூட அவள் நிற்கவில்லை.

ஒருங்கிணைப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிப் படித்தார். “அப்போ உங்க பொண்ணுக்கு இங்க இடம் இல்லையேம்மா. சர்ட்டிபிகேட் வச்சிருக்கீங்களா?”

“வாங்கல.”

அவர் முகம் தெளிந்தது. “அப்போ கவலைய விடுங்க. ஆதாரம் இல்லன்னா எங்களப் பொறுத்தவரைக்கும் நீங்க படிக்கல. புதுத் தாள் தரேன். நிறையப் பேரு இப்படித்தான்...” அவர் முடிக்கவில்லை.

“அதான் மேடம்” என்றார் பலகைக்காரர் ஆவலாக. “அவ படிக்கல.”

“உங்களுக்குத் தெரியாம இருக்கலாம் மேடம்” என்றாள் தையலம்மா. “எனக்குத் தெரியுமே.”

ஒருங்கிணைப்பாளர் பெருமூச்சு விட்டார். “படிச்ச அம்மா இருந்தா வீட்லயே உதவி கிடைக்கும்னுதான் இந்த விதியே. ஏம்மா,” என்று மகளிடம் திரும்பினார், “வீட்ல உதவி கிடைக்குதா?”

“இதுவரைக்கும் இல்ல மேடம்” என்றாள் மகள்.

மகள் தோளிலிருந்த பையைக் கழற்றி, லேப்டாப்பை எடுத்து மேசையில் வைத்தாள். மின்கம்பியைச் சுற்றி அதன் மேல் வைத்தாள். ஒருங்கிணைப்பாளர் அந்தத் தாளைத் தகுதி இல்லாதவர்கள் தட்டில் போட்டார்.

வெளியே வந்தபோது மணி நான்கு. உள்ளே மாலை வகுப்பு தொடங்கிக் கதவைச் சாத்தினார்கள். பலகைக்காரர், “இதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தோமா?” என்று சுவரைக் கேட்டுவிட்டுத் தனியாகப் பேருந்து பிடிக்கப் போனார்.

தையலம்மா பெஞ்சில் உட்கார்ந்தாள். “நோட்டை எடு.”

மகள் எடுக்கவில்லை.

“அந்த மூணாவது வரியில இருந்து ஆரம்பிப்போம். எனக்கும் பாதி மறந்திருச்சு. நீ வாசி.”

கொஞ்ச நேரம் கழித்து நோட்டு திறக்கும் சத்தம் கேட்டது.

தையலம்மா மறுநாளும் நான்கு மணிக்கு வந்தாள், அதற்கு மறுநாளும். வீட்டில் சொல்லிக்கொடுத்திருக்கலாம்; ஆனால் மாடியில் அக்கா இருந்தாள், அரைமணிக்கு ஒரு தடவை உப்புக் கேட்டு இறங்கி வருவாள். காலையில் மகளின் புத்தகத்தை எடுத்துத் தானே படித்தாள். மறந்ததை மீட்டாள். மீட்க முடியாததைப் புதிதாகக் கற்றாள். நான்காம் நாள், உள்ளே ஆசிரியர் திரையைப் பார்த்து வாசித்தது புரியாமல் இரண்டு மாணவிகள் வெளியே வந்தார்கள். தண்ணீர் குடிக்க வந்தவர்கள், தண்ணீர் குடிக்காமலே பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்கள்.

“ஆன்ட்டி, அந்த எடத்துல ஏன் ஒண்ணு கழிச்சீங்க?”

“நல்ல கேள்வி. நானும் மூணு நாளா அதைத்தான் யோசிச்சேன். வா, சொல்றேன்.”

இரண்டாம் வாரம் ஒன்பது பேர். மாடிப்படிக்கு அடியில் கிடந்த பழைய கரும்பலகையை யாரோ இழுத்து வந்து சுவரில் சாய்த்தார்கள்.

இதற்கிடையில் கடையில் நிலைமை மோசமாகிக்கொண்டிருந்தது. கோபத்தில் பலகைக்காரர் மனைவியிடம் பேசவில்லை. பேசாததால் அளவும் கேட்கவில்லை. ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், இரண்டையும் மூடிப் பார்த்தார். ஒரு வக்கீல் பலகையில் பட்டத்தின் பின்பாதிக்கு இடம் போதாமல் கீழ் வரியில் போய் நின்றது. “நான் பாதிதான் வக்கீலா?” என்று அவர் பலகையைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு பலகைக்காரர் வீட்டுக்கு வந்தபோது அக்கா உப்புக்கு வந்திருந்தாள். அவர் மனைவியை ஓரமாகக் கூப்பிட்டுத் தணிந்த குரலில், “கொஞ்சம் இதப் பாரேன்” என்றார்.

“அண்ணியும் இருக்காங்க. சத்தமாவே கேளுங்க.”

அவர் அக்காவைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். “எழுத்துக்கு எவ்வளவு இடம் விடணும்னு சொல்லு. எனக்கு வரல.”

“ஏன் தம்பி, தையல் படிச்சவகிட்ட எதுக்குப் பலகையக் காட்டுற?” என்றாள் அக்கா.

“தையல்தான் அக்கா அவளுக்குத் தெரியாது.”

பிறகு மற்றதையும் சொன்னார். அக்கா உப்பைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். இருபது வருடம் அவள் கண்முன்னே ஓடியது.

“அப்போ நான் தைக்கக் குடுத்த ஜன்னல் திரை... வேணும்னேதான் கெடுத்தியோன்னு நெனச்சேன்.”

“இல்ல அண்ணி. வரல.”

“அத்தனை வருஷம் என்னை ஏமாத்தியிருக்கீங்க.”

“நீங்க கேட்ட மாதிரி பொண்ணைத்தான் அண்ணி குடுத்தாங்க” என்றாள் தையலம்மா, பலகையில் விரலால் அளந்துகொண்டே.

அக்கா எழுந்து போனாள். படித்தவள் வயிற்றில் பிறந்தவள் என்று தெரிந்தால் அந்த மாப்பிள்ளை வீட்டார் ஏற்க மாட்டார்கள் என்று மாடியிலிருந்து சத்தமாகச் சொன்னாள். கீழே யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

அடுத்த தேர்வில் மகள் முப்பத்திரண்டு வாங்கினாள். தாளைப் பார்த்துவிட்டு அம்மா, “அலகு எழுதாம ரெண்டு மார்க்க விட்டிருக்க” என்றாள். அதற்கு மகள் இரண்டு நாள் பேசவில்லை. வீட்டில் இப்படியொரு சண்டை இதற்கு முன் வந்ததில்லை.

வருடக் கடைசியில் ஒரு மாலை, ஒருங்கிணைப்பாளர் கையில் ஒரு தாளோடு நடைவழிக்கு வந்தார். பெஞ்சு நிறைந்து, தரையிலும் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர் முகத்தில் ஒரே மகிழ்ச்சி.

“எங்க ஆண்டறிக்கைம்மா. மாலை வகுப்புக்கு வர்றவங்க இருபதுல இருந்து முப்பத்து நாலு. நாப்பத்தொரு சதவீதம் கூடியிருக்கு.”

கூடிய பதினான்கு பேரும் நடைவழியில் இருந்தார்கள். முப்பத்து நாலில் மகள் இல்லை. அவள் தகுதி இல்லாதவள்.

தையலம்மா தாளைப் பார்த்தாள். “முப்பத்து நாலால வகுத்திருக்கீங்க மேடம். இருபதால வகுக்கணும். எழுபது.”

“எழுபதா?” ஒருங்கிணைப்பாளருக்கு நிலைகொள்ளவில்லை. உடனே அடித்துத் திருத்தினார். “அப்புறம், இந்தப் படம். நன்கொடை குடுக்கிறவங்க இதத்தான் மொதல்ல பார்ப்பாங்க. போட உங்க சம்மதம் வேணும். இங்க ஒரு கையெழுத்து.”

படத்தில் அவள் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். வகுப்புக்கு முன்னால் எடுத்திருக்க வேண்டும். கரும்பலகை இருந்த பக்கத்தை வெட்டியிருந்தார்கள். கீழே அச்சிட்டிருந்தது: ‘கல்லூரிப் படிப்பையே அறியாத இந்தத் தாய், மகளுக்காகத் தினமும் இங்கே காத்திருக்கிறார்.’

“இப்படி இருந்தாத்தான்மா பாக்கறவங்க மனசு எளகும்” என்றார் ஒருங்கிணைப்பாளர், அன்பாக.

தையலம்மா அதை இரண்டு தடவை படித்தாள். தரையில் இருந்த பிள்ளைகள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், மகளும்தான். தாளை மடங்காமல் திருப்பிக் கொடுத்தாள்.

“இந்த அம்மா யாருன்னு தெரியல மேடம். தேடிப் பிடிச்சு அவங்ககிட்டயே வாங்கிக்குங்க.”

சாக்கட்டியை எடுத்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பினாள். “ம், எங்க விட்டோம்?”

நாலைந்து குரல்கள் ஒரே நேரத்தில் பதில் சொல்லின. ஒருங்கிணைப்பாளர் தாளோடு அங்கேயே நின்றார். உட்கார இடம் இல்லை.